ஒன்பது நிமிடத்துப் பச்சை

அன்று காபி ஆறுவதற்குள் டெஸ்ட் முடிந்துவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மைசூரு ஹெப்பாளில் எங்கள் கம்பெனியின் இரண்டாவது மாடியில் ஜன்னலோரம் என் மேஜை. காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் டெஸ்டுகளை ஓட விடுவேன். அவை ஓடி முடிய மதியச் சாப்பாட்டு நேரமாகிவிடும். பல வருடங்களாக அப்படித்தான். அன்று ஓட விட்டுவிட்டு, மெஷினில் ஒரு காபி பிடித்துவந்து உட்கார்ந்தேன். இரண்டு வாய் குடித்திருப்பேன். திரை முழுக்கப் பச்சை. கீழே ஒரு வரி: ஒன்பது நிமிடம்.

பின்னால் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். மேனேஜர் பிரகாஷ் தன் அறையிலிருந்து எழுந்து வந்து இதைச் செய்து காட்டிய ரேகாவுக்குக் கை கொடுத்தார். ரேகா சிரித்துக்கொண்டே என் பக்கம் பார்த்தாள்.

நான் தட்டவில்லை. கையில் காபி இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் மூன்றரை மணி நேர வேலை ஒன்பது நிமிடத்தில் முடிகிறது என்றால், ஒன்று இத்தனை வருடம் நான் முட்டாளாக இருந்திருக்கிறேன், இல்லை இன்று யாரோ பொய் சொல்கிறார்கள். இரண்டில் எனக்கு எது வசதி என்று நீங்களே சொல்லுங்கள்.

நானூறு ஆஸ்பத்திரிகள்

'டெஸ்டர் டெஸ்டர் என்கிறீர்களே, உட்கார்ந்து என்னதான் செய்வீர்கள்?' என்று இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் மாமியாரும் இதையே கேட்கிறார்.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிறது. நோயாளியின் பெயரைப் பதிவதில் தொடங்கி மருந்துச் சீட்டு வரை எல்லாம் அதில்தான். அதில் ஒருவர் ஒரு வரியை மாற்றினாலும், வேறு எங்காவது ஏதாவது உடைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கதைக்காகாது. அதனால் பார்க்கிற வேலையையும் கம்ப்யூட்டரிடமே எழுதிக் கொடுத்திருப்போம். அதுதான் டெஸ்ட். சரியாக இருந்தால் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு. அப்படி எங்களிடம் நானூற்றுச் சொச்சம் டெஸ்டுகள் இருந்தன. பாதிக்கு மேல் நான் எழுதியவை.

ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு பொய் ஆஸ்பத்திரி வேண்டும். வார்டு, கட்டில், டாக்டர், மருந்துப் பட்டியல், ஒரு நோயாளி எல்லாம் அதில் இருக்கும். இதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி எழுப்ப அரை நிமிடம் பிடிக்கும். சோதிக்கிற வேலை என்னவோ ஒரு நொடிதான். சோதித்து முடித்ததும் ஆஸ்பத்திரியை இடித்துவிட்டு, அடுத்த டெஸ்டுக்கு இன்னொன்று கட்டுவோம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உலை வைக்கிறோம் என்று ரேகா கிண்டல் செய்வாள்.

அவள் செய்தது இதுதான். ஒரே ஒரு ஆஸ்பத்திரியைக் கட்டினாள். அதை இடிக்காமல் வைத்துக்கொண்டு எல்லா டெஸ்டுக்கும் அதையே எடுத்துக் கொடுத்தாள். செய்வதற்கு நேரம் பிடிக்கிற பொருளை ஒரு தடவை செய்து, எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதை எங்கள் தொழிலில் கேஷிங் என்பார்கள். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் மாடியில் அதுவரை யாரும் துணியவில்லை. அந்த 'யாரும்' என்பதில் முதல் பெயர் என்னுடையது.

மூட்டைக்குள் கை

சந்தேகம் எனக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். எங்கள் ஊர் ராமாபுரத்தில் அப்பா மக்காச்சோளமும் ராகியும் வாங்கி விற்றார். மூட்டை வந்தால் மேலாக அள்ளிப் பார்க்க மாட்டார். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு அடிவரைக்கும் கையை விடுவார். ஒருமுறை என் தாய்மாமன் கொண்டுவந்த மூட்டையிலும் விட்டார். அதில் ஒன்றும் இல்லை, நல்ல சோளம். மாமன் மூட்டையை அப்படியே வண்டியில் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

"உங்கொப்பன் போற காலத்துல எமங்கிட்டயே அடையாள அட்டை கேப்பாரு பாரு" என்று அம்மா சொல்வாள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டு வாசற்பூட்டைத் தினமும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். சந்தில் பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு, பின்னால் நிற்கிற ஆட்டோக்காரரின் ஹாரனையும் வாங்கிக்கொண்டு, என் கணவர் காத்திருப்பார். "பூட்டு அழுவுது, விட்ரு" என்பார்.

மென்பொருளுக்கு வருவதற்கு முன் இதே ஹெப்பாளில் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. இரும்புப் பாகங்களில் போட்ட துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எஃகுக் குச்சி கொடுத்திருந்தார்கள். கேஜ் என்போம். துளைக்குள் அது போனால் பாகம் நல்லது. ஒரு நாள், வாங்கினவர்கள் ஒரு பெட்டிப் பாகங்களைத் திருப்பி அனுப்பினார்கள். துளை சிறியதாம். என் குச்சியை விட்டுப் பார்த்தேன், ஜோராக உள்ளே போனது. ஆயிரக்கணக்கான துளைகளுக்குள் போய்வந்து குச்சியே தேய்ந்திருந்தது. பாகத்தை எல்லாம் அளந்த நாங்கள் குச்சியை அளக்கவில்லை. அன்று கையில் இருந்த எண்ணெய் வாடை சோப்பு போட்டும் போகவில்லை.

எல்லா டெஸ்டுக்கும் ஒரே ஆஸ்பத்திரி என்று ரேகா சொன்னதும் எனக்கு அந்த வாடைதான் வந்தது.

மஞ்சள் பட்டி

ரேகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயதிருக்கும். தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூரு வந்த குடும்பம். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் வீட்டு அளவுக்கு. அடையாள அட்டையை எங்கள் கம்பெனியில் கழுத்துப் பட்டியில் தொங்கவிட வேண்டும். நிரந்தர ஊழியர்களுக்கு நீலப் பட்டி, ஒப்பந்தக்காரர்களுக்கு மஞ்சள். மஞ்சள் பட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் இடமில்லை. அவள் டவுன் பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டிலிருந்து நடந்து வருவாள்.

அவளுடைய அப்பா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு மூட்டு போய்விட்டது. செயற்கை மூட்டு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரசாங்கத் திட்டத்தில் செய்யலாம் என்றால், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், ஆள் இங்கே. நீலப் பட்டி கிடைத்தால் பெற்றோருக்கும் சேர்த்துக் கம்பெனி காப்பீடு உண்டு. அந்த மாதக் கடைசியில் ரேகாவின் பெயர் நிரந்தரப் பட்டியலில் போவதாக இருந்தது. இந்த ஒன்பது நிமிடம் அதற்குத்தான். மாடியில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

தெரிந்தும் நான் அவளைச் சந்தேகப்பட்டேன். முதலில், டெஸ்டுகளில் பாதியைக் கழற்றிவிட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணைக்கூட எடுக்கலக்கா. சும்னே சந்தேகப்படாதீங்க, எண்ணிப் பாருங்க" என்றாள். சும்மாவுக்கு அவள் வாயில் எப்போதும் கன்னடத்துச் 'சும்னே'தான்.

எண்ணினேன். எல்லாம் இருந்தன. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பிறகு, டெஸ்டுகள் ஒன்றையும் சோதிக்காமல் சும்மா பச்சை காட்டுகின்றனவோ என்று பார்த்தேன். வேண்டுமென்றே மென்பொருளில் ஒரு வரியைக் கெடுத்து வைத்தேன். உடனே சிவப்பு வந்தது. அதுவும் பொய்த்துப் போயிற்று. அந்த வாரம் மதியச் சாப்பாட்டுக்குக் கேன்டீனுக்குப் போகாமல், டப்பாவை மேஜையிலேயே திறந்து வைத்துக்கொண்டு, டெஸ்டுகளை ஒவ்வொன்றாகத் தனியாக ஓட விட்டுப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று சிவப்பாக வந்தது.

பென்சிலின்

எங்கள் பொய் ஆஸ்பத்திரியில் ஒரு பொய் நோயாளி உண்டு. பெயர் ராமப்பா. சிவப்பாக வந்த டெஸ்ட், புதிதாகப் போட்ட ஒரு பதிவுப் படிவத்தைச் சோதிக்கிறது. ராமப்பாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அந்தப் படிவத்தில் எழுத வேண்டும். பிறகு டாக்டர் பென்சிலின் எழுதினால் திரையில் எச்சரிக்கை வர வேண்டும்.

தனியாக ஓடவிட்டபோது எச்சரிக்கை வரவில்லை. புதுப் படிவம் அந்த ஒவ்வாமையைச் சேமிக்கவே இல்லை. எழுதியது காற்றோடு போயிற்று. மற்ற டெஸ்டுகளோடு சேர்த்து ஓடவிட்டால் மட்டும் பச்சை. ஏனென்றால் அதற்கு முன்னால் ஓடிய வேறு ஏதோ ஒரு டெஸ்ட், இதே ராமப்பாவின் ஏட்டில் பென்சிலின் ஒவ்வாமையை எழுதிவிட்டு அழிக்காமல் போயிருந்தது. படிவம் எழுதத் தவறியதைப் பழைய மிச்சம் நிரப்பிவிட்டது. முன்பு போல் ஒவ்வொரு தடவையும் புது ஆஸ்பத்திரி கட்டியிருந்தால் இந்தத் தப்பு முதல் நாளே சிவப்பாகியிருக்கும். அந்தப் படிவம் அடுத்த வாரம் நிஜ ஆஸ்பத்திரிகளுக்குப் போக இருந்தது.

எனக்குப் பயம் வந்தது. அதற்கும் முன்னால் சந்தோஷம் வந்தது. இதை மறைத்து எழுதுவதானால் இந்தத் தொடரே எழுத வேண்டாம்.

ரேகாவின் மேஜை என் மேஜையிலிருந்து பத்தடி. எழுந்து போய், 'இங்கே வா, இதைப் பார்' என்று சொல்லியிருக்கலாம். நான் திங்கட்கிழமைக் கூட்டத்துக்காகக் காத்திருந்தேன்.

எல்லோர் முன்னாலும்

கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். பெரிய திரையில் இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டுக் காட்டினேன். சேர்ந்து ஓடினால் பச்சை, தனியாக ஓடினால் சிவப்பு. நிதானமாக, குரல் உயர்த்தாமல் பேசினேன். அப்படிப் பேசினால்தான் அதிகம் உறைக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அப்படின்னா இந்த ஒரு வாரமா நாம பார்த்த பச்சையை நம்ப முடியாதா மேடம்?" என்று பிரகாஷ் கன்னடத்தில் கேட்டார்.

"நான் நம்ப மாட்டேன்" என்றேன்.

ரேகா மடிக்கணினியில் எதையோ வேகமாகத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் கை நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு மூடி வைத்துவிட்டாள். பதில் இல்லாமல் மூடுகிறாள் என்று நினைத்தேன்.

பழையபடியே ஓடட்டும் என்று பிரகாஷ் சொன்னார். படிவத்தைத் திருத்தும் வரை வெளியே அனுப்ப வேண்டாம் என்றார். பிறகு ரேகாவைப் பார்க்காமல், "உங்க விஷயத்தை அடுத்த சுற்றுல பார்க்கலாம்" என்றார். எந்த விஷயம் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வரிப் பதில்

மத்தியானம், வேலையை முழுசாக முடித்துவிடலாம் என்று, ராமப்பாவின் ஏட்டில் கிறுக்கிவிட்டுப் போன டெஸ்ட் எது என்று தேடினேன். பத்து நிமிடத்தில் கிடைத்தது. எங்கள் நிரலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், எழுதியவர் பெயர் இருக்கும். இருந்தது என் பெயர்.

பல வருடங்களுக்கு முன் எழுதியது. முடிந்ததும் ஆஸ்பத்திரியையே இடிக்கப் போகிறார்கள், ராமப்பாவின் ஏட்டை எதற்குத் துடைப்பது என்று விட்டிருக்கிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் என் குணம் விடவில்லை. ரேகா இதை யோசிக்காமலா செய்தாள் என்று பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன்.

யோசித்திருக்கிறாள். வேலையைத் தொடங்கும் முன் எல்லோருக்கும் எழுதியிருக்கிறாள். நோயாளியின் ஏட்டை மாற்றுகிற டெஸ்டுகள் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், அவற்றுக்கு மட்டும் புதிய ஆஸ்பத்திரி கொடுத்துவிடுகிறேன் என்று. ஆளாளுக்குப் பட்டியல் அனுப்பியிருந்தார்கள். நான் ஒரே வரியில் பதில் போட்டிருந்தேன்: என் டெஸ்டுகள் எதையும் மாற்றாது.

பார்க்காமலே போட்ட பதில். மஞ்சள் பட்டிக்காரி என் டெஸ்டுகளைப் பற்றிக் கேட்கிறாளே என்ற கடுப்பில் போட்டது. ஊரார் மூட்டை ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டவள், என் மூட்டையை மட்டும் அப்படியே தைத்து அனுப்பியிருந்தேன்.

அப்போது மணி நான்கு. பிரகாஷ் தன் அறையில்தான் இருந்தார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. நான் போகவில்லை. யாராவது என் பெயரில் எழுதியிருப்பார்களோ என்றுகூடத் தேடிப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை, நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். புதன்கிழமை ரேகா வரவில்லை. அப்பாவை எக்ஸ்ரேக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பதாகப் பக்கத்து மேஜையில் சொன்னார்கள். அவள் இல்லாதபோது போய்ச் சொல்வது சரியில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

வியாழன்

வியாழன் மதியம் கேன்டீனில் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேர்க்கடலையைத் தனியாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்திருந்தாள்.

"ரேகா, அந்த ராமப்பா விஷயம். அழிக்காம விட்டது என் டெஸ்ட்தான். நீ மெயில்ல கேட்டதுக்கு நான் பாக்காமயே பதில் போட்டுட்டேன்."

"தெரியும்க்கா."

"எப்பத்திலிருந்து?"

"நீங்க மீட்டிங்ல பேசும்போதே. அலர்ஜின்னு சொன்னீங்கல்ல, உடனே தேடினேன். உங்க பேரு வந்துச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிக்கா சொல்றது? அவ்ளோ பேர் முன்னாடி, மஞ்சப் பட்டி போட்டுட்டு, உங்களைப் பாத்து உங்க தப்புன்னு சொன்னா, தப்பிக்கப் பாக்கறான்னுதான் நெனப்பாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்க எதையும் ரெண்டு வாட்டி பாக்கற ஆளு. எப்படியும் கண்டுபிடிச்சுருவீங்க. கண்டுபிடிச்சா அன்னைக்கே நீங்களே போய்ச் சொல்லிருவீங்கன்னு இருந்தேன். இன்னிக்குத்தான் பாத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"திங்கக்கிழமை நாலு மணிக்கே பாத்துட்டேன்" என்றேன்.

அவள் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"இன்னிக்கு வியாழன்க்கா" என்றாள்.

இருவரும் எழுந்து பிரகாஷின் அறைக்குப் போனோம். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு வரிப் பதிலையும் திறந்து காட்டினேன். அவர் படித்துவிட்டு, பரவாயில்லை மேடம், எல்லோருக்கும் ஆவதுதான் என்றார். நீலப் பட்டிக்கு எவ்வளவு சுலபமாக ஒரு 'பரவாயில்லை' கிடைக்கிறது என்று அன்றுதான் கவனித்தேன்.

"அப்ப ரேகாவோட பேரு?" என்று கேட்டேன்.

"லிஸ்ட் நேத்து சாயங்காலமே போயிடுச்சே மேடம். நேத்து மதியம் சொல்லியிருந்தாக்கூட சேர்த்திருப்பேன்" என்றார்.

அவர் உண்மையிலேயே முயன்றார். என் எதிரிலேயே இரண்டு பேருக்குப் போன் செய்தார். பட்டியலைத் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த சுற்று மூன்று மாதம் கழித்து.

துடைத்து வைப்பது

ரேகாவும் நானும் சேர்ந்துதான் அதைச் சரிசெய்தோம். ஒவ்வொரு டெஸ்டும் முடிந்ததும், பொதுவான ஆஸ்பத்திரி தொடங்கினபோது இருந்த மாதிரியே இருக்கிறதா என்று ஒரு காவல் பார்க்கும். ஏதாவது மாறியிருந்தால் மாற்றிய டெஸ்டின் பெயரைச் சொல்லிச் சிவப்பு காட்டும். முதல் ஓட்டத்தில் அது சொன்ன பதினாறு பெயர்களில் பதினொன்று என்னுடையவை. எல்லாவற்றையும் திருத்திய பிறகு டெஸ்டுகள் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தன. இன்றும் அப்படித்தான் ஓடுகின்றன.

அந்த மூன்று மாதமும் ரேகா என்னோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. மரியாதைக்குக் குறைவில்லை. 'அக்கா' போய் 'மேடம்' வந்துவிட்டது. பிறகு நீலப் பட்டி வந்தது. அதற்குப் பிறகு அவள் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது.

போன தை மாதம் அவள் நிச்சயதார்த்தத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டிருந்தாள். நானும் போனேன். வாசலில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் ஊன்றுகோல். ஒரு கால் மற்றதைவிடச் சிறியது போல, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து, எனக்கு அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மேடம். பாப்பா சொல்லிச்சு. மேனேஜர் ரூமுக்குள்ள போய் இவளுக்காகப் பேசினது நீங்கதானாமே" என்றார்.

ரேகாவைப் பார்த்தேன். அவள் யாருக்கோ பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷன் நல்லா ஆச்சுங்களா?" என்று கேட்டேன்.

"ஆச்சுங்க. கொஞ்சம் லேட்டு பண்ணிட்டீங்கன்னு டாக்டரு சொன்னாரு. அதுக்குள்ள சதை இறுகிப் போச்சாம். பரவால்லைங்க, நடக்கிறேன்ல" என்றார்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? அவர் விழுந்த நாளிலிருந்து போன மாதங்களா, இல்லை என்னால் போன அந்த மூன்று மாதமா? டாக்டர் பெயரைக் கேட்டு வாங்கி, நேரில் போய் விசாரித்தால் ஒருவேளை தெரியலாம். நான் கேட்கவில்லை. அவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.